ஆஸ்கர் விருதும் ஆரூடக் கணக்கும்

ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் வந்துவிட்டால் உலகத் திரைப்பட ரசிகர்களிடையே ஒரு கேள்வி வலம் வரும். இவ்வாண்டு ஆஸ்கர் யாருக்கு? லாஸ் ஏஞ்சலிஸில் ஞாயிற்றுக்கிழமை மாலை நடைபெறும் விழா, நேர வேறுபாட்டால் மலேசியா, சிங்கப்பூர் மக்களுக்குத் திங்கட்கிழமை காலையில் வந்து சேர்கிறது. விரிவுரை மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்து கைப்பேசியில் முடிவுகளைப் பார்ப்போர் நம்மிடையே உண்டு. அவர்களுள் சிலர் முதல் நாளே வெற்றியாளர் பட்டியலை எழுதி வைத்திருப்பர். இருபதுக்கும் மேற்பட்ட பிரிவுகளில் பெரும்பாலானவற்றைச் சரியாகச் சொல்லியும் விடுவர்.

இது நான்கு நம்பர் குலுக்கலில் பரிசு விழுவதைப் போன்ற அதிர்ஷ்டமா? சிறந்த படம் எது என்று அறியும் நுண்ணறிவா? இரண்டும் இல்லை. ஆஸ்கரைக் கணிப்பவர் படத்தை எடை போடுவதில்லை. வாக்காளரை எடை போடுகிறார். இவ்வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் கணிப்பும் எளிதாகும். விருதின் உண்மையான மதிப்பு என்ன என்பதும் விளங்கும்.

வாக்களிப்போர் யார்?

ஆஸ்கர் விருதை வழங்கும் அகாடமி 1927ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது. முதல் விழா 1929 மே 16ஆம் நாள் நடைபெற்றது. வெற்றியாளர் யார் யார் என்பது மூன்று மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்ததால் அவ்விழாவில் கணிப்பதற்கு எதுவுமே இல்லை! பின்னர், விழா இரவில் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையுடன் முடிவுகள் நாளிதழ்களுக்கு முன்கூட்டியே தரப்பட்டன. 1940இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் அந்நிபந்தனையை மீறி, விழாவுக்கு முன்பே பட்டியலை அச்சிட்டுவிட்டது. அதன் விளைவாக 1941 முதல் முத்திரையிட்ட உறை வழக்கத்திற்கு வந்தது. ஆரூடம் சொல்லும் கலையும் அந்த உறையோடு சேர்ந்தே வளர்ந்தது எனலாம்.

இன்று அகாடமியில் வாக்குரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். இவர்கள் விமர்சகர்களோ பேராசிரியர்களோ அல்லர். நடிகர், இயக்குநர், ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர், படத்தொகுப்பாளர் எனத் திரைத்துறையில் தொழில் செய்பவர்கள். தொழில்வாரியாகக் கிளைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளனர்.

வாக்கெடுப்பு இரண்டு கட்டமாக நடைபெறுகிறது. முதல் கட்டம் பரிந்துரை. இதில் பெரும்பாலும் அந்தந்தக் கிளையினரே தத்தம் துறைக்கு வாக்களிக்கின்றனர். நடிகர்களை நடிகர்களும், இயக்குநர்களை இயக்குநர்களும் பரிந்துரைப்பர். சிறந்த படத்தை எல்லாக் கிளையினரும் பரிந்துரைக்கலாம். இரண்டாம் கட்டமாகிய இறுதித் தேர்வில் எல்லா உறுப்பினரும் எல்லாப் பிரிவுகளுக்கும் வாக்களிக்கலாம். சிறந்த ஒலியமைப்பு எது என்பதை நடிகர்களும் கதாசிரியர்களும் சேர்ந்தே முடிவு செய்கின்றனர் என்று பொருள். ஆகவே, பரவலாக விரும்பப்பட்ட ஒரு படம் சின்னச் சின்னப் பிரிவுகளையும் தன்னுடன் இழுத்துச் செல்வது உண்டு. போட்டிக்கு வந்த படங்களைப் பார்க்காமலேயே வாக்களிப்போர் இருந்தனர் என்ற குறையும் நெடுங்காலமாக உண்டு. அதனால்தான், ஒரு பிரிவில் உள்ள எல்லாப் படங்களையும் பார்த்தவரே அப்பிரிவின் இறுதித் தேர்வில் வாக்களிக்கலாம் என்ற விதியை 2026ஆம் ஆண்டு விழா முதல் நடைமுறைக்குக் கொண்டுவருவதாக 2025இல் அகாடமி அறிவித்தது.

முன்னரே பேசும் விருதுகள்

அகாடமி உறுப்பினரின் மனத்தை அறிய நேரடி வழி ஏதுமில்லை. ஆனால், ஆஸ்கருக்கு முன்பே வேறு பல விருதுகள் வழங்கப்படுகின்றன. அவற்றுள் சிலவற்றில் வாக்களிப்போரும் அகாடமி உறுப்பினரும் ஓரளவு ஒரே ஆட்களே. கணிப்பின் முதல் பாடம் இதுதான்: ஒரு விருது எவ்வளவு புகழ் வாய்ந்தது என்று பார்க்க வேண்டாம், அதை வழங்குபவர் யார் என்று பார்க்க வேண்டும்.

கோல்டன் குளோப் விருதை எடுத்துக்கொள்வோம். அதன் விழா ஆரவாரமானது. ஆயினும் அதை வழங்குவோர் பத்திரிகையாளர்கள். நெடுங்காலம் அவர்களின் எண்ணிக்கை நூறைக்கூட எட்டவில்லை. ஆஸ்கரில் அவர்களுக்கு வாக்கு இல்லை. மாறாக, அமெரிக்க இயக்குநர் சங்கத்தின் விருதைத் தொலைக்காட்சியில் பார்ப்போர் மிகக் குறைவு. ஆனால், 1940களின் இறுதியில் அவ்விருது தொடங்கியது முதல் 2025 வரை, அதைப் பெற்றவருக்கு ஆஸ்கர் இயக்குநர் விருது கிடைக்காமல் போனது எட்டு முறை மட்டுமே. இயக்குநர் விருதைக் கணிக்க இதைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை.

தயாரிப்பாளர் சங்க விருதும் இவ்வாறே சிறந்த படத்திற்கு வழிகாட்டுகிறது. திரை நடிகர் சங்க விருது நடிப்புப் பிரிவுகளுக்குத் துணைபுரிகிறது. அகாடமியில் நடிகர் கிளையே மிகப் பெரியது. ஆயினும், நடிகர் சங்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளனர்; அவர்களுள் மிகச் சிலரே அகாடமி உறுப்பினர் என்பதை மறந்துவிடக் கூடாது. பிரிட்டனின் பாஃப்டா விருதை வழங்குவோரிலும் அகாடமி உறுப்பினர் பலர் உண்டு.

கணக்கில் ஆர்வமுள்ளோர் இவற்றுக்கு மதிப்பெண் தருவர். ஒவ்வொரு விருதும் கடந்த ஆண்டுகளில் எத்தனை முறை ஆஸ்கருடன் ஒத்துப்போனது என்று எண்ணி, அதற்கேற்ப எடை கொடுத்துக் கூட்டினால், யாருக்கு வாய்ப்பு மிகுதி என்பது தெரிந்துவிடும். புள்ளியியல் பயிலும் மாணவர்க்கு இது நல்லதொரு பயிற்சி.

பினாங்கு வென்ற கதை

சிறந்த படத்தை மட்டும் இந்த எளிய கூட்டலால் கணித்துவிட முடியாது. மற்றப் பிரிவுகளில் மிகுதியான வாக்கு பெற்றவரே வெற்றியாளர். சிறந்த படத்திற்கோ 2010ஆம் ஆண்டு விழா முதல் முன்னுரிமை வாக்கு முறை பின்பற்றப்படுகிறது. வாக்காளர் படங்களை 1, 2, 3 என வரிசைப்படுத்த வேண்டும். எந்தப் படமும் பாதிக்கு மேல் முதலிடம் பெறாவிட்டால், கடைசியில் உள்ள படம் நீக்கப்படும். அதை முதலிடத்தில் வைத்தவர்களின் வாக்குகள் அவர்களின் அடுத்த தேர்வுக்குச் செல்லும். ஒரு படம் பாதியைத் தாண்டும் வரை இது தொடரும்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பேரவைச் சுற்றுலாவுக்கு எங்கே செல்வது என்று 100 மாணவர்கள் வாக்களிக்கின்றனர். லங்காவிக்கு 40, பினாங்குக்கு 34, கேமரன் மலைக்கு 26 வாக்குகள். சாதாரணத் தேர்தலில் லங்காவி வென்றிருக்கும். இங்கே கேமரன் மலை நீக்கப்படுகிறது. அதை விரும்பிய 26 பேரில் 20 பேர் பினாங்கையும் 6 பேர் லங்காவியையும் இரண்டாம் இடத்தில் வைத்திருந்தனர். இப்போது பினாங்குக்கு 54, லங்காவிக்கு 46. பினாங்கு வென்றுவிட்டது!

இம்முறையில் சிலர் உயிராக நேசித்துப் பலர் ஒதுக்கும் படம் தோற்கும். எல்லாரும் ஓரளவு விரும்பும் படம் வெல்லும். 2022ஆம் ஆண்டு விழா இதற்குத் தக்க சான்று. 'தி பவர் ஆஃப் தி டாக்' 12 பரிந்துரைகளுடன் முன்னணியில் இருந்தது. இயக்குநர் சங்க விருதும் பாஃப்டாவும் அதற்கே. காது கேளாத பெற்றோரின் மகளைப் பற்றிய 'கோடா' என்னும் சிறிய படத்துக்கோ மூன்றே பரிந்துரைகள். இயக்குநர் பிரிவில்கூட அது பரிந்துரைக்கப்படவில்லை. ஆனால், 'கோடா' தயாரிப்பாளர் சங்க விருதைப் பெற்றது. அச்சங்கமும் முன்னுரிமை வாக்கு முறையையே பின்பற்றுகிறது! இதைக் கவனித்தவர்கள் 'கோடா' என்று எழுதினர். அப்படம் மூன்று பிரிவுகளிலும் வென்றது. 'தி பவர் ஆஃப் தி டாக்' படத்திற்கு இயக்குநர் விருது மட்டுமே கிட்டியது.

அறிகுறிகள் முரண்படும்போது

எல்லா அறிகுறிகளும் ஒரே திசையைக் காட்டினால் கணிப்பில் சுவை இல்லை. முரண்படும்போதுதான் சிக்கல். 2023ஆம் ஆண்டின் சிறந்த நடிகைக்கான போட்டி மலேசியர் மறக்க முடியாதது. கேட் பிளான்செட் பாஃப்டாவையும் விமர்சகர் தேர்வு விருதையும் வென்றிருந்தார். ஈப்போவில் பிறந்த மிஷேல் இயோ நடிகர் சங்க விருதை வென்றிருந்தார். கோல்டன் குளோப்பில் தனித்தனிப் பிரிவுகள் இருந்ததால் இருவருமே வென்றிருந்தனர். ஆஸ்கர் மிஷேல் இயோவுக்குக் கிடைத்தது. மலேசியாவில் பிறந்த ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை.

அப்படியானால் நடிகர் சங்கத்தையே நம்பலாமா? மறு ஆண்டே அச்சங்கம் லில்லி கிளாட்ஸ்டோனைத் தேர்ந்தெடுத்தது; பாஃப்டா வென்ற எம்மா ஸ்டோனுக்கே ஆஸ்கர் கிடைத்தது. 2025இலும் சங்கம் டெமி மூரைத் தேர்ந்தெடுக்க, பாஃப்டா வென்ற மைக்கி மேடிசன் ஆஸ்கரைத் தட்டிச் சென்றார். ஓராண்டு நம்மைக் காப்பாற்றிய விதி அடுத்த ஆண்டு நம்மைக் கைவிடலாம்.

இதற்குக் காரணங்கள் உள்ளன. முதலாவது, தரவு மிகக் குறைவு. ஆண்டுக்கு ஒரு விழா. சில விதிகளின் வயது அதைவிடக் குறைவு. பாஃப்டா விழா ஆஸ்கருக்கு முன் நடத்தப்படுவதே 2001 முதல்தான். பத்து, இருபது முறை நிகழ்ந்ததை இயற்கை விதியாகக் கொள்ளலாகாது. படத்தொகுப்புக்குப் பரிந்துரை பெறாத படம் சிறந்த படமாகாது என்று 1981 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு விதி நிலைத்திருந்தது. 2015இல் 'பேர்ட்மேன்' அதை முறித்தது.

இரண்டாவது, வாக்காளரே மாறிவிட்டனர். 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளும் நடிப்புக்குப் பரிந்துரைக்கப்பட்ட இருபதின்மரும் வெள்ளையராகவே இருந்தது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அதன்பின் அகாடமி பெண்களையும் சிறுபான்மையினரையும் அயல்நாட்டினரையும் பெருமளவில் சேர்த்தது. 2018இல் மட்டும் 928 பேருக்கு அழைப்பு விடுத்தது. 2020இல் தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம், பாஃப்டா மூன்றும் '1917' படத்தைத் தேர்ந்தெடுத்தும், கொரிய மொழிப் படமான 'பாரசைட்' சிறந்த படமானது. ஆங்கிலம் அல்லாத மொழிப் படம் ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. பழைய வாக்காளரைக் கொண்டு கணித்தவர்கள் அன்று தோற்றனர்.

2009 நமக்குச் சொல்வது என்ன?

தமிழர் எவருக்கும் ஆஸ்கர் என்றதும் 2009 பிப்ரவரி 22ஆம் நாள்தான் நினைவுக்கு வரும். ஏ.ஆர். ரகுமான் இரண்டு விருதுகளைப் பெற்று மேடையில் தமிழில் பேசினார். நமக்கு அது இன்ப அதிர்ச்சி. கணிப்பாளர்களுக்கு அதில் வியப்பு இல்லை. 'ஸ்லம்டாக் மில்லியனர்' தயாரிப்பாளர், இயக்குநர், நடிகர் சங்க விருதுகள் மூன்றையும் வென்றிருந்தது. ரகுமான் இசைக்காகக் கோல்டன் குளோப்பையும் பாஃப்டாவையும் பெற்றிருந்தார். பாடல் பிரிவில் நடந்தது இன்னும் சுவையானது. கோல்டன் குளோப் வென்ற புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் பாடலை அகாடமியின் இசைக் கிளை பரிந்துரைக்கவே இல்லை. பரிந்துரைக்கப்பட்டவை மூன்றே பாடல்கள். அவற்றுள் இரண்டு ரகுமானுடையவை. ஒன்று ஈழத்தமிழ் வழிவந்த மாயா அருட்பிரகாசத்துடன் இணைந்து உருவாக்கியது. இறுதியில் 'ஜெய் ஹோ' வென்றது. படம் மொத்தம் எட்டு விருதுகளை அள்ளியது.

அப்போது பலர் கேட்ட கேள்வி ஒன்றுண்டு. ரகுமானின் மிகச் சிறந்த இசை இதுதானா? 'ரோஜா'வுக்கும் 'பம்பாய்'க்கும் கிடைக்காதது இதற்கு ஏன் கிடைத்தது? கணிப்பாளரின் கண்ணால் பார்த்தால் விடை எளிது. பொதுப் பிரிவுகளில் போட்டியிட, அக்கால விதிப்படி ஒரு படம் லாஸ் ஏஞ்சலிஸ் திரையரங்கில் தொடர்ந்து ஏழு நாட்களாவது ஓடியிருக்க வேண்டும். அதன்பின் வாக்காளர் அதைப் பார்க்க வேண்டும். அதற்குப் பெரும் விளம்பரம் வேண்டும். 'ஸ்லம்டாக்' பிரிட்டிஷ் படம். ஹாலிவுட் நிறுவனத்தின் துணையோடு அவர்கள் கண்முன் வந்து நின்றது. 'ரோஜா' அவ்வாறு நிற்கவில்லை.

அயல்மொழிப் பிரிவிலோ ஒரு நாட்டுக்கு ஒரு படம் மட்டுமே. இந்தியாவின் சார்பில் 'தெய்வமகன்', 'நாயகன்', 'விசாரணை', 'கூழாங்கல்' போன்ற தமிழ்ப் படங்கள் அனுப்பப்பட்டன. ஒன்றுகூட இறுதிப் பட்டியலை எட்டவில்லை. 2009ஆம் ஆண்டு விழாவுக்கே சிங்கப்பூர் அனுப்பி வைத்தது எரிக் கூ இயக்கிய 'மை மேஜிக்' என்னும் தமிழ் பேசும் படம்! கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற படம் அது. ரகுமான் மேடை ஏறிய அதே ஆண்டில் ஒரு சிங்கப்பூர்த் தமிழ்ப் படமும் அந்த வாசல் வரை சென்று திரும்பியதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இரண்டு பட்டியல்

ஆஸ்கர் என்பது, ஒரு குறிப்பிட்ட ஆண்டில், ஒரு குறிப்பிட்ட தொழிற்குழுவினர், தம் பார்வைக்கு எட்டிய படங்களுள் எதை விரும்பினர் என்பதற்கான சான்று. அது சிறிய செய்தி அன்று. ஒரு கலைஞனின் வாழ்க்கையையே மாற்ற வல்லது. ஆனால், உலகக் கலைக்கு வழங்கப்பட்ட இறுதித் தீர்ப்பாக அதைக் கொள்ள வேண்டியதில்லை. பரிசு பெற்றதனால் ஒரு படைப்பு உயர்ந்துவிடுவதும் இல்லை. பெறாததனால் தாழ்ந்துவிடுவதும் இல்லை.

எனவே, அடுத்த ஆஸ்கர் பருவத்தில் நண்பர்களோடு கணிப்புப் போட்டி நடத்த விரும்புவோர் ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். முதலாவது, யார் வெல்வார் என்பது. அதற்குச் சங்க விருதுகளைப் பாருங்கள். வாக்கு முறையைப் பாருங்கள். உங்கள் ரசனையைச் சற்று ஒதுக்கி வையுங்கள். இரண்டாவது, யார் வெல்ல வேண்டும் என்பது. அதற்குப் படங்களைப் பாருங்கள். வேறு எதையும் பார்க்காதீர்கள். முதல் பட்டியலைத் திங்கட்கிழமை காலையில் சரிபார்த்துக் கொள்ளலாம். இரண்டாவது பட்டியலைத் திருத்தும் உரிமை அந்தப் பத்தாயிரம் பேருக்கும் இல்லை, அது நம்முடையது.