புகைக்கும் ஒரு வழி

பலகணியைக் 'காலதர்' என்றனர் பழந்தமிழர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. அம்மரபை ஒட்டி அடுக்களைப் புகைக்கூட்டைப் 'புகையதர்' எனலாம் என்று பல்லாண்டு மாணாக்கருக்குச் சொல்லி வந்தேன். சொல்லை ஆராய்ந்த நான் பொருளை ஆராயவில்லை. அக்குறையை 2022ஆம் ஆண்டு உணர்த்திற்று.

அவ்வாண்டில் அந்நியச் செலாவணியின்றி நாடு தவித்தபோது சமையல் எரிவாயு கிடைத்தற்கு அரிதாயிற்று. மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள எம் இல்லத்திலும் பழைய விறகடுப்பு மீண்டும் எரிந்தது. மூன்றாம் நாள், "மகன், புகை மேல போகுதில்ல" என்றார் அன்னையார். 'விறகு ஈரம்' என்று கூறிவிட்டு விடைத்தாள் திருத்தச் சென்றேன். சற்று நேரத்தில் அவர் தலைசுற்றிச் சுவரோரம் சாய்ந்தார். வெளியே கொணர்ந்து காற்றாட இருத்திய பின்னரே தெளிந்தார்.

கண்ணை எரிப்பது புகை. உயிரைப் பறிப்பது அதனோடு கலந்து வரும் காபனோரொட்சைட்டு. நிறமும் மணமும் அற்ற அந்நச்சுவாயு, குருதியில் ஒட்சிசன் அமரவேண்டிய இடத்தைப் பற்றிக்கொள்ளும். அடுப்புப் புகை முதலிய வீட்டுக் காற்று மாசினால் 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

மறுநாள், அடுப்பு முற்றும் ஆறிய பின், முதிய மேசன் ஒருவரை அழைத்தோம். அவர் கீழிருந்து முகக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து நோக்கினார், வானம் தெரியவில்லை. அடுப்பு மூட்டாத ஆண்டுகளில் பறவை கட்டிய கூடும், உதிர்ந்த செங்கல்லும் வழியை அடைத்திருந்தன. அவற்றை அகற்றி, நெடுங்கழியில் தும்பைக் கட்டி மேலிருந்து கீழாகக் கரியைச் சுரண்டினார். திரண்ட புகைக்கரி தானும் தீப்பற்றும் இயல்பினது. பின்னர் மேல்வாயை ஈரச் சாக்கால் மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவைத்து, தேங்காய் மட்டையைச் சிறிது நேரம் புகையவிட்டார். கூரை மரத்தின் அருகே இரு வெடிப்புகளில் புகை கசிந்தது. நஞ்சு மட்டுமன்று, நெருப்பும் எம் தலைமேல் காத்திருந்தது!

பழஞ்சாந்தைச் சுரண்டி, கல்லை நனைத்து, சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசினார். "சீமெந்து மிகுந்தால் சூட்டில் வெடிக்கும்; சுண்ணாம்பு இசைந்து கொடுக்கும்" என்பது அவர் கூற்று. மரத்தை விலக்கி அமைத்தார். வாடைக்காற்று புகையைக் கீழே தள்ளாதபடி மேல்வாயைக் கூரை முகட்டினும் உயர்த்தி, மழைமூடியும் இட்டார். பூச்சு உலர்ந்த பின்னரே சிறுதீ மூட்டினோம். புகை நேரே வானேறிற்று.

எரிவாயு திரும்பிய பின்னும் அன்னையார் அவ்வடுப்பைக் கைவிடவில்லை. ஆண்டுதோறும் மாரிக்கு முன் கண்ணாடி பிடித்து வானம் பார்ப்பது என் கடனாயிற்று. அன்பர்களே, அடுக்களையிலிருந்து புகை என்றொரு குரல் எழுந்தால், விறகைக் குறை கூறாது ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.