சாவி வாங்குமுன்

பத்து வருஷங்களுக்கு முன் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி சென்ற மாதம் ஒரு மாலை வீட்டுக்கு வந்தாள். கையில் முத்திரைத் தாள். “ஸார்! தையற்கடை வைக்கப் போகிறேன். கடைத்தெருவிலேயே இடம் கிடைத்துவிட்டது. நாளைக் காலையில் நல்ல நேரம். கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கவேண்டியதுதான் பாக்கி. தாங்கள் ஆசீர்வாதம் செய்யவேண்டும்” என்றாள்.

ஆசீர்வாதம் செய்வது எளிது. பத்திரம் படிப்பதுதான் கஷ்டம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். மாத வாடகை 15,000 ரூபாய். முன்பணம் பத்து மாத வாடகை, அதாவது 1,50,000 ரூபாய். தாயாரின் வளையல்களை அடகு வைத்த பணம். காலம் பதினொரு மாதம். சுவரில் அறைந்த ஆணிகூடக் கட்டடத்துக்காரருக்கே சொந்தம்!

“வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைத்துவிட்டேன், ஸார்!” என்றாள் பெருமையுடன்.

“ரொம்ப சந்தோஷம், அம்மா. பன்னிரண்டாவது மாதம் என்ன செய்வாய்?”

பதில் இல்லை.

புதிதாகக் கடை வைப்போர் பலரும் செய்யும் பிசகு இது. வாடகையைப் பற்றி ஒரு வாரம் பேரம் பேசுவார்கள். காலத்தைப் பற்றி ஒரு நிமிஷமும் பேசமாட்டார்கள். வாடிக்கைக்காரர்கள் கடையைத் தெரிந்து, தேடி வரத் தொடங்குவதற்கே ஒரு வருஷம் ஆகிவிடும். அந்தச் சமயத்தில், “வாடகையை உயர்த்து, இல்லையேல் காலி செய்” என்றால், கடைக்காரர் அலமாரியைத் தூக்கிக்கொண்டு போகலாம், தெருவில் சம்பாதித்த பெயரைத் தூக்கிக்கொண்டு போகமுடியுமா?

பதினொரு மாதக் கணக்குக்கு ஒரு காரணம் உண்டு. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி ரிஜிஸ்தர் செய்தாகவேண்டும். அந்தச் செலவுக்கு அஞ்சியே இந்த வழக்கம் பரவிற்று. ஆனால் 2019-ல் தமிழ்நாட்டில் அமுலுக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆகவேண்டும் என்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும் சொல்கிறது. பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால், ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

மறுநாள் இருவரும் கட்டடத்துக்காரரைப் பார்க்கப் போனோம். நல்ல மனிதர், காப்பி கொடுத்து உபசரித்தார். “ஐயா! ஐந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கவேண்டும்” என்றேன். யோசித்தார். “அப்படியானால் வருஷத்துக்குப் பத்து சதவீதம் உயர்வு” என்றார்.

கணக்குப் போடுவது வாத்தியார் தொழில் அல்லவா? பத்து சதவீதமானால் ஐந்தாம் வருஷத்து வாடகை 21,961 ரூபாய்; ஐந்து சதவீதமானால் 18,232. காகிதத்தில் எழுதி முன்னால் வைத்தேன். “இவளால் இதைத் தாங்கமுடியாது. கடை நடுவில் மூடினால், புது ஆள் வரும்வரை தங்களுக்கும் வாடகை இல்லை” என்றேன். ஐந்து சதவீதத்துக்கு இசைந்தார். முன்பணம் ஆறு மாதமாயிற்று. அதற்குக் கீழே அவர் இறங்கவில்லை.

ஆணி விஷயமும் தீர்ந்தது. குடியிருப்பவர் தாம் பொருத்தியவற்றை, காலி செய்யுமுன் கழற்றிக்கொண்டு இடத்தைப் பழையபடி விடலாம் என்பது 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறது. பத்திரத்தில் அதற்கு மாறாக எழுதாமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை. தனி மின்சார மீட்டர், கடை ஓடாவிட்டால் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறும் உரிமை, இவையும் சேர்ந்தன. அவர் கேட்டவை இரண்டு: ஐந்தாம் தேதிக்குள் வாடகை, உள்வாடகை கூடாது. மகிழ்ச்சியுடன் சம்மதித்தாள்.

புதுப் பத்திரம் தயாராக ஒரு வாரம் ஆயிற்று. நல்ல நேரம் தவறிவிட்டதென்று அவள் தாயாருக்கு என்மேல் இன்னும் கொஞ்சம் கோபந்தான். ஆனால் முன்பணத்தில் மிச்சமான 60,000 ரூபாயில் இரண்டு வளையல்கள் அடகுக் கடையிலிருந்து திரும்பி வந்திருக்கின்றன. கடைக்கு முதல் ரவிக்கைத் துணி கொடுத்தனுப்பியவர், கட்டடத்துக்காரரின் மனைவி!