ஆலிஸ் கூப்பர் இசையும் இரசிகர் பூசலும்

மேனாட்டு இசைவகைகளுள் ராக் என்பது ஒன்று. அதன் கிளைகளுள் ‘அதிர்ச்சி ராக்’ எனப் பெயர் பெற்றதும் ஒன்று உளது. பாட்டோடு கூத்தும் கூத்தோடு அச்சமும் கலந்து காண்போரைத் திடுக்கிடச் செய்வதே இதன் இயல்பாம். சவப்பெட்டியினின்றும் எழுந்து பாடிய ஸ்க்ரீமிங் ஜே ஹாக்கின்ஸ் 1950-களிலேயே இதற்கு வழிகோலினார். எனினும், இதனை ஒரு முறையாக நிலைநிறுத்தியது அமெரிக்க நாட்டில் அரிசோனாவைச் சேர்ந்த பீனிக்ஸ் நகரினின்றும் புறப்பட்ட ஆலிஸ் கூப்பர் என்னுங் குழுவேயாகும். கழுத்திற் சுற்றிய மலைப்பாம்பு, மின்னாற்காலி, தூக்குமரம், தலைவெட்டும் பொறி ஆகிய இவற்றைப் பற்றிக் கேட்டறிந்தோர் பலர். அப்பெயரால் வெளிவந்த இசை ஐம்பதாண்டுகளுக்கு மேலாக எத்துணை முறை உருமாறியது என்பதையும், அம்மாற்றம் ஒவ்வொன்றும் இரசிகரிடையே எத்தகைய பூசலை விளைத்தது என்பதையும் அறிந்தோர் சிலரே. அப்பூசலின் வேர் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிறிஸ்தவக் கல்லூரியொன்றின் மலரில் இப்பொருள் எற்றுக்கு என வினவுவார் உளராகலாம். அக்குழுவின் பாடகர் ஒரு போதகரின் மகன் என்பது முதல் விடை. என் அறைத்தோழர் இரண்டாவது விடை. அவர் 1989-இல் வெளிவந்த ‘பாய்சன்’ என்னும் பாட்டையே ஆலிஸ் கூப்பரின் உச்சம் என்பார்; யான் 1971-ஆம் ஆண்டுத் தட்டுகளே உச்சம் என்பேன். ஒரு பருவம் முழுதும் விடுதியில் இவ்வழக்கு நடந்தும் தீர்ப்பு எய்தவில்லை. இருவரும் ஒரே பெயரைச் சொல்லி வெவ்வேறு பொருள்களைப் பற்றி வாதிட்டோம் என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று.

1964-ஆம் ஆண்டில் பீனிக்ஸ் நகரத்துக் கார்ட்டஸ் உயர்நிலைப்பள்ளி மாணாக்கர் சிலர் பள்ளிக் கலைநிகழ்ச்சியொன்றிற் பொய்ம்முடி தரித்துப் பீட்டில்ஸ் குழுவினரை நையாண்டி செய்தனர். வின்சென்ட் பர்னியர், கிளென் பக்ஸ்டன், டென்னிஸ் டனவே என்போர் அவருள் அடங்குவர். மைக்கேல் புரூஸும் நீல் ஸ்மித்தும் பின்னர்ச் சேர்ந்தனர். பல பெயர்களை அணிந்து களைந்தபின், 1968-இல் ஆலிஸ் கூப்பர் என்னும் பெயரை மேற்கொண்டனர். அது ஐவர்க்கும் பொதுவாய குழுவின் பெயர் என்பதை வாசகர் நினைவிற் கொள்ளவேண்டும். பாடகரின் பெயர் பர்னியர் என்பதே.

பிராங்க் ஜப்பாவின் நிறுவனத்தின் வாயிலாக வெளிவந்த முதலிரண்டு தட்டுகளும் (1969, 1970) கேட்டற்கு அரியன. தாளம் இடையிடையே முறியும், பண் ஒருவழிப்படாது, பாட்டுத் தொடங்கியது போன்றே காரணமின்றி முடியும். இவற்றை விரும்புவோர் இன்றும் உளர். பிற்காலத்து இசை அனைத்தும் வாணிபத்திற்கு இணங்கியது என்றும், கட்டற்ற கற்பனை இவ்விரண்டிலேயே உளது என்றும் அவர் கூறுவர். அவர் தொகை சிறிது, பிடிவாதமோ பெரிது. யான் இருமுறை முயன்று இரண்டாவது தட்டின் பாதியில் ஓய்ந்தேன்.

1970-இல் குழுவினர் டெட்ராய்ட் நகருக்கு அண்மையிற் குடியேறினர். அந்நகரத்து மக்கள் வன்மையான இசையை விரும்புவோர். கனடா நாட்டவராகிய பாப் எஸ்ரின் என்னும் இளைஞர் அப்பொழுது அவர்தம் ஒலிப்பதிவுகளை நெறிப்படுத்தும் பொறுப்பை ஏற்றார். அவர் செய்த பணி பெரிதும் குறைத்தலே. நீண்டு திரிந்த பாட்டுகளை நாள்தோறும் பயிற்றுவித்து, வேண்டாதன களைந்து, எஞ்சியதை இறுக்கினார். எட்டு நிமிடம் அலைந்துகொண்டிருந்த ஒன்று இவ்வாறே மூன்று நிமிடப் பாட்டாயிற்று. அதுவே ‘ஐ’ம் எய்ட்டீன்’. சிறுவனும் அல்லன், ஆடவனும் அல்லன் என்னும் பதினெட்டு வயதினனின் குழப்பத்தைப் பாடுவது அது. 1971-இல் அமெரிக்க விற்பனை வரிசையில் 21-ஆம் இடத்தை எய்தியது. அவ்வயதைச் சென்ற ஆண்டே கடந்த எனக்கு அதன் நேர்மையிற் குறைகாண இயலவில்லை.

அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த ‘கில்லர்’ என்னும் தட்டைப் பழைய இரசிகர் பெரிதும் போற்றுவர். அதில் ‘ஹாலோ ஆப் பிளைஸ்’ என்னும் பாட்டு எட்டு நிமிடத்திற்கு மேற்பட்டது. கூத்தாடிகளேயன்றி இசையறிந்தவர் அல்லர் என இகழ்ந்தோர்க்குக் குழுவினர் அளித்த விடை அது என்ப. டனவேயின் மந்தரக் கிதார் அதிற் பின்னணியாய் நில்லாது தானே ஒரு தனிக்குரலாய் நடக்கும். 1972-இல் ‘ஸ்கூல்ஸ் அவுட்’ என்னும் பாட்டு இங்கிலாந்தில் முதலிடம் பெற்றது. பள்ளி முடிவுற்ற களிப்பைக் கூறும் அப்பாட்டிற்கு முகமாய் அமைந்த கிதார் ஒலி பக்ஸ்டனுடையது. மேரி வொயிட்ஹவுஸ் என்னும் அம்மையார் அதனைப் பி.பி.சி. நிலையத்தார் ஒலிபரப்பலாகாது எனப் போராடினார். பாடகர் அவருக்கு மலர்க்கொத்து அனுப்பினார்! 1973-இல் ‘பில்லியன் டாலர் பேபீஸ்’ என்னும் தட்டு அமெரிக்கா, இங்கிலாந்து ஆகிய இருநாட்டிலும் முதலிடம் எய்தியது. அவ்வாண்டுச் சுற்றுப்பயணத்தில் தலைவெட்டும் பொறியை வகுத்ததோடு கொலைஞன் வேடமும் பூண்டவர் ஜேம்ஸ் ராண்டி என்னும் மாயவித்தைக்காரர்.

1971 முதல் 1973 வரையிலுள்ள இக்காலமே பொற்காலம் என்னுங் கொள்கையினரை முதற்சாரார் என்போம். இவர்தம் வாதம் எளியது. ஐவர் கூடி இயற்றிய இசை இது. ஐவருள் ஒருவர் நீங்கினும் இவ்வொலி பிறவாது என்பர். இவ்வாதத்திலும் ஓர் ஓட்டை உண்டு. பக்ஸ்டன் நோயாலும் பிற தளர்ச்சிகளாலும் வலியிழந்தமையின், ‘பில்லியன் டாலர் பேபீஸ்’ தட்டிலேயே அவர் பகுதி பலவற்றைப் பிறர் வாசித்தனர். டிக் வாக்னர், ஸ்டீவ் ஹண்டர் என்போர் அவருட் சிலர். பெருவெற்றி பெற்ற அத்தட்டிலேயே ஐவர் என்னும் எண்ணிக்கை பழுதுபட்டுவிட்டது. என் கட்சியின் இக்குறையை யானே எடுத்துரைத்தல் தகும். அறைத்தோழர் இதனை இன்னும் அறியார்.

எஸ்ரின் இன்றி 1973 இறுதியில் ஒரு தட்டை வெளியிட்டபின் குழு கலைந்தது. பாடகர் தனித்து நின்றார். ஆலிஸ் கூப்பர் என்பதையே சட்டப்படியும் தம் பெயராக்கிக் கொண்டார். முழுமையின் பெயர் அதன் உறுப்பிற்கு ஆகிவருதலை நம் இலக்கணநூலார் முதலாகுபெயர் என்பர்; தாமரை என்னுங் கொடியின் பெயர் பூவிற்கு ஆவது போல. இங்கு நிகழ்ந்ததும் அதுவே. ஆனால், பூவைச் சூடியபின் கொடி இருந்ததையே உலகம் மறந்தது என்பதுதான் முதற்சாராரின் ஆற்றாமை. பூசலின் வேர் இங்கேயே உளது என்பது என் துணிபு.

1975-இல் வெளிவந்த ‘வெல்கம் டு மை நைட்மேர்’ (என் தீக்கனவிற்கு வருக எனப் பொருள்படுவது) இப்புதிய பொருளின் முதற்படைப்பு. எஸ்ரின் மீண்டும் நெறிப்படுத்தினார். இசைத்தோர் பழைய குழுவினர் அல்லர். பம்பாயிற் பிறந்து கனடாவிற் குடியேறிய பிரகாஷ் ஜான் என்பவரும் அவருள் ஒருவர். அச்சப்படங்களில் நடித்துப் புகழ்பெற்ற வின்சென்ட் பிரைஸின் குரல் இடையே ஒலிக்கும். இசை மெருகேறியது, நாடகம் விரிந்தது, பழைய கரடுமுரடு நீங்கியது. இதிலுள்ள ‘ஒன்லி விமன் பிளீட்’ என்பது கணவனால் அடிபடும் மனைவியின் துயரைப் பாடும் மென்பாட்டு. அதிர்ச்சி ராக் பாடுவோன் இரங்கற்பாட்டு இசைத்தல் முறையோ என ஒருவரும், அஞ்சத்தக்க உண்மையொன்றைக் கூச்சமின்றிப் பாடிய இதுவே மெய்யான அதிர்ச்சி என மற்றொருவரும் கூறுவர். இரண்டாமவர் கூற்றே எனக்கு உடன்பாடு. ஆயின், 1977 வரை இத்தகைய மென்பாட்டுகள் ஆண்டிற்கொன்றாய் விற்பனை வரிசையில் ஏறியதைக் காணுங்கால், முதலாமவரின் சலிப்பும் விளங்காமற் போகவில்லை.

1980 முதல் 1983 வரையிலுள்ள நான்கு தட்டுகளின் கதை வேறு. அக்காலத்து நாகரிகத்திற்கேற்ப மின்கருவி ஒலிகளும் குளிர்ந்த குரலும் புகுந்தன. குடியும் போதைப்பொருளும் பாடகரைத் தின்றுகொண்டிருந்தன. இவற்றுட் பிந்திய மூன்றையும் பதிவு செய்ததே தமக்கு நினைவில்லை எனப் பின்னர் அவரே கூறியுள்ளார். இவை வெளிவந்தபோது வாங்குவாரின்றிக் கிடந்தன. ஆயினும், ‘டாடா’ என்னும் 1983-ஆம் ஆண்டுத் தட்டை இன்று மறைந்த மணியெனப் போற்றுவோர் பலர். எவரையும் மகிழ்விக்கக் கருதாது, விற்பனையை எண்ணாது, கெட்ட கனவு போலவே அமைந்த இசை அது என்பர். தன்னை இழந்த ஒருவனின் படைப்பில் இரசிகர் தனித்தன்மை காண்பது வியப்பேயன்றோ! அதனைக் கேட்டு இன்புறுங்கால், ஒரு மனிதனின் அழிவையா நாம் சுவைக்கின்றோம் என்னும் ஐயம் என்னை விட்டு அகலவில்லை.

அதன்பின் அவர் குடியை முற்றும் நீத்தார். தந்தையாரின் சமயத்துறைக்கு மீண்டார். கிறிஸ்துவின் அடியவன் எனத் தம்மை வெளிப்படக் கூறலானார். இனித் தலைவெட்டும் பொறி ஓய்ந்தது என்று இரசிகருட் பலர் அஞ்சியிருத்தல் இயல்பு. ஓயவேண்டும் என்று விசுவாசிகளுட் சிலர் விரும்பியிருத்தலும் இயல்பு. இரண்டும் நிகழவில்லை. 1986-இல் அவர் மேடைக்கு மீண்டபோது இசை முன்னினும் வன்மையுற்றிருந்தது. அவர்தம் கூத்தின் அமைப்பை நோக்கினால் இதன் காரணம் புலனாகும். தீயோனாக வரும் ஆலிஸ் ஒவ்வோர் இரவும் தண்டனை பெறுவான், தலையிழப்பான், பின்னரே வெண்ணிற ஆடையுடன் மீண்டுவந்து பாடுவான். பாவமும் அதன் சம்பளமும் போதகர் வீட்டுப் பிள்ளைக்குப் புதியன அல்ல. தாம் வேறு, அவ்வேடம் வேறு எனப் பிரித்துணர்ந்தமையே அவரைக் காத்தது என்று கருதுகின்றேன்.

1989-இல் டெஸ்மண்ட் சைல்ட் என்னும் பாட்டாசிரியரோடு கூடி வெளியிட்ட ‘டிராஷ்’ தட்டிலுள்ளதே என் தோழர் போற்றும் ‘பாய்சன்’. அமெரிக்காவில் 7-ஆம் இடமும் இங்கிலாந்தில் 2-ஆம் இடமும் அது பெற்றது. கூட்டத்தார் உடன்பாடத்தக்க பல்லவியும் பளபளப்பான கிதாரும் அக்காலத்துக் குழுக்கள் பலவற்றிற்கும் பொதுவானவை. ஆலிஸ் இங்குப் பிறரைப் பின்பற்றினாரேயன்றிப் பிறர் அவரைப் பின்பற்றவில்லை என்பது முதற்சாராரின் குற்றச்சாட்டு. அது மெய்யே. ஆயினும், இப்பாட்டின் வழியாக அவரை அறிந்து, பின்னோக்கிச் சென்று பழைய தட்டுகளைத் தேடிக் கண்டவர் ஒரு தலைமுறையினர். வாயிலை இகழ்ந்து வீட்டைப் புகழ்தல் யாங்ஙனம் என்று தோழர் கேட்டதற்கு யான் விடையிறுக்கவில்லை.

1994-இல் வந்த ‘தி லாஸ்ட் டெம்ப்டேஷன்’ இறுதிச் சோதனையைப் பற்றியது; இளைஞன் ஒருவனை மயக்க முயலும் கூத்துக்காரனின் கதை. நீல் கெய்மன் அதனைப் படக்கதையாக எழுதினார். சமயக் கருத்து வெளிப்பட அமைந்தும், சமயம் சாராத இரசிகரும் அதனை உயர்வாகவே மதிப்பர். பிரசங்கமாகாது கதையாகவே நின்றது அதற்குக் காரணம் எனலாம். 2000-இல் வந்த ‘புரூட்டல் பிளானட்’ எந்திரசாலை இரைச்சலை ஒத்த கடும் ஒலியுடையது. 2003-இல் வந்ததோ விரைவிற் பதிவு செய்த எளிய பழைய முறையினது. இவ்வாறு மூன்றாண்டிற்குள் நேர்மாறான இரண்டு திசைகள்! பாடகரே ஆலிஸ் எனக் கொள்ளும் இரண்டாஞ்சாரார் இதில் முரண்பாடு காணார். வேடம் ஒன்று, பக்கவாத்தியம் பல. நாடகத்திற்கேற்ப இசை மாறுதலே முறை என்பர்.

மாற்றமே துரோகம் என்பார்க்கு யான் கூறுவது ஒன்றுண்டு. 1969-க்கும் 1971-க்கும் இடையே நேர்ந்ததைவிடப் பெரிய மாற்றம் இவ்வரலாற்றில் வேறில்லை. அது நிகழ்ந்தபோது ஐவரும் உடனிருந்தனர். ஆகவே, முதற்சாரார் வருந்துவது பாணி மாறியதற்கன்று, மாற்றுவோர் மாறியதற்கே. இது வேறு வருத்தம். இதற்கு வேறு ஆறுதல் வேண்டும்.

அவ்வாறுதல் சிறிது சிறிதாக வந்தது. பக்ஸ்டன் 1997-இல் மறைந்தார். 2011-இல் ராக் இசைப் புகழ்மன்றத்தில் இடம்பெற்றது தனி மனிதரன்று, அப்பழைய குழுவே. அவ்வாண்டுத் தட்டிலும் 2017-ஆம் ஆண்டுத் தட்டிலும் டனவே, புரூஸ், ஸ்மித் மூவரும் சில பாட்டுகளில் உடன் இசைத்தனர். 2025 ஜூலையில், எஸ்ரின் நெறிப்படுத்த, பழைய குழுவினர் கூடி ‘தி ரிவெஞ்ச் ஆப் ஆலிஸ் கூப்பர்’ என்னும் முழுத் தட்டையே வெளியிட்டனர். 1973-க்குப் பின் அவர்கள் அளித்த முதல் முழுத் தட்டு அது. அதிலுள்ள ஒரு பாட்டில், பழைய ஒலிநாடாவிற் கிடைத்த பக்ஸ்டனின் கிதாரையும் இணைத்துள்ளனர்.

குரல் முதுமையுற்றது, வேகம் தணிந்தது என்பாரும், டனவேயின் மந்தரக் கிதார் முதலடியிலேயே தன்னை அறிவித்தது என்பாரும் இதற்கும் உளர். நானும் தோழரும் ஒருநாள் இரவு அதனை ஒருங்கே கேட்டோம். பக்ஸ்டனின் பகுதி வந்தபொழுது யான் கையமர்த்தி அவரைப் பேசாதிருக்கச் செய்தேன். அவரும் முடியும்வரை அமைதியாகவே கேட்டார். பின்பு, “நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் ‘பாய்சன்’ இல்லையே!” என்றார்.