மஞ்சள் அட்டை போட்ட பாதை

1972-ல் டோனி வீலரும் மனைவி மௌரீனும் லண்டனிலிருந்து ஒரு பழைய மினிவேனில் கிழக்கே கிளம்பினார்கள். வண்டி வாங்கிய விலை 65 பவுண்டு. ஆப்கானிஸ்தான் வரை அது தாக்குப்பிடித்தது. அங்கே அதை விற்றுவிட்டு பஸ், ரயில், படகு என்று கிடைத்ததில் ஏறி ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள். சிட்னிக்கு வந்தபோது இருவர் கையிலும் சேர்த்து மிச்சம் 27 சென்ட். பார்த்தவர்கள் எல்லாம் எந்த வழியாக வந்தீர்கள், எவ்வளவு செலவானது என்றே கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி மாளாமல், சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதி முடித்த சிறு புத்தகம்தான் 'அக்ராஸ் ஏஷியா ஆன் த சீப்'. 1973-ல் அச்சடித்த 1,500 பிரதிகள் மளமளவென்று விற்றுப்போக, லோன்லி பிளானட் என்ற பதிப்பகம் பிறந்தது.

அந்த வழியில் போன முதல் ஆட்கள் இவர்கள் இல்லை. அறுபதுகளிலிருந்தே ஐரோப்பிய இளைஞர்கள் இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல், லாகூர், டெல்லி என்று தரைவழியாகவே காட்மாண்டுவுக்கும் கோவாவுக்கும் வந்துகொண்டிருந்தார்கள். 'ஹிப்பி டிரெயில்' என்று பெயர். புத்தகம் இல்லாத அந்தக் காலத்தில் இஸ்தான்புல்லில் 'புட்டிங் ஷாப்' என்று அழைக்கப்பட்ட ஒரு சாப்பாட்டுக் கடையின் அறிவிப்புப் பலகைதான் எல்லாருக்கும் வழிகாட்டி. வேனில் ஒரு இடம் காலி, எந்த எல்லையில் கெடுபிடி, நண்பனுக்கு ஒரு சேதி என்று எல்லாம் துண்டுச்சீட்டாக அதில் தொங்கும். முன்னால் போனவர் எழுதி வைப்பார், பின்னால் வருபவர் படித்துக்கொள்வார்.

1979 அந்தச் சாலையை மூடிவிட்டது. வருடத் தொடக்கத்தில் ஈரானியப் புரட்சி, முடிவில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. ஆனால் அதற்குள்ளேயே இன்னொரு பாதைக்குப் புத்தகம் வந்திருந்தது. வீலர் தம்பதி தென்கிழக்கு ஆசியாவைச் சுற்றி, சிங்கப்பூரில் ஒரு சிறு ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கி எழுதிய 'சவுத்-ஈஸ்ட் ஏஷியா ஆன் எ ஷூஸ்ட்ரிங்' 1975-ல் வெளியானது. அட்டை மஞ்சள் நிறம். முதுகில் பையும் கையில் இந்த மஞ்சள் புத்தகமுமாக ஒரு தலைமுறையே பாங்காக்கில் இறங்கியது. அரிசி வியாபாரம் நடந்த காவ் சான் தெருவில் எண்பதுகளின் தொடக்கத்தில் சில வீட்டுக்காரர்கள் அறைகளை வாடகைக்கு விட்டார்கள். இன்று சுமார் 400 மீட்டர் நீளமுள்ள அந்தத் தெருவில் அரிசி மூட்டையைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஹாஸ்டல், மசாஜ் கடை, பச்சை குத்தும் கடை என்று இடைவெளி இல்லாமல் வரிசை.

இந்தப் பாதையின் உண்மையான ருசி ஊர்களில் இருப்பதைவிட ஊர்களுக்கு நடுவே அதிகம். தாய்லாந்து எல்லையை ஒட்டிய லாவோஸ் ஊரான ஹுவாய்சாயிலிருந்து லுவாங் பிரபாங் வரை மெகாங் நதியில் இரண்டு நாள் படகு. நீண்டு ஒடுங்கிய மரப்படகில் பல இருக்கைகள் பழைய வேன்களிலிருந்து கழற்றிப் போட்டவை. இன்ஜின் பின்பக்கம். பிந்தி வருபவருக்கு அதை ஒட்டித்தான் இடம் கிடைக்கும். அப்புறம் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. இருட்டும் நேரத்தில் பாக்பெங் என்ற சிற்றூரில் இறங்கி, ராத்தங்கி, காலையில் மறுபடி படகு. லுவாங் பிரபாங் படகுத்துறை ஊருக்குப் பல கிலோமீட்டர் வெளியே இருப்பது இறங்கிய பிறகுதான் பலருக்குத் தெரியும். ஷேர் ஆட்டோ பேரம் அங்கே ஆரம்பம்!

வியட்நாமின் படுக்கை பஸ் வேறு ரகம். ஏறும்போதே செருப்பைக் கழற்றி, கண்டக்டர் நீட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மூன்று வரிசை, இரண்டு அடுக்கு. முன்னால் படுத்திருப்பவரின் முதுகுச் சாய்வுக்கு அடியில் ஒரு பெட்டி, அதற்குள் நம் கால். நெட்டையானவர்கள் முட்டியை மடக்கியே விடிய வைக்க வேண்டியதுதான்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு சேதி. அங்கே காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் 'ஜே' கடைகளிலும், வியட்நாமில் 'சாய்' என்று பலகை வைத்த கடைகளிலும் கவலையில்லாமல் உட்காரலாம். வியட்நாமில் சந்திரமாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம். அமாவாசை விரதம் பார்த்து வளர்ந்த நமக்கு அது ஒன்றும் புதிதில்லை.

எழுதி எழுதித்தான் இந்தப் பாதை உண்டானது, தேய்ந்ததும் அப்படித்தான். தாய்லாந்தின் ஃபி ஃபி லே தீவில் உள்ள மாயா பே கடற்கரை, யாருக்கும் தெரியாத ஒரு சொர்க்கத்தைப் பேக்பேக்கர்கள் தேடிப் போகும் கதையான 'த பீச்' படத்தில் வந்தது. 2000-ல் படம் வெளியானது. ரகசியக் கடற்கரைக்கு உலகமே கிளம்பி வந்தது. ஒரு கட்டத்தில் தினம் ஆயிரக்கணக்கானோர். படகு நங்கூரங்களும் கூட்டமும் பவளப்பாறைகளை நாசமாக்க, 2018 ஜூனில் அரசு கரையை மூடியது. 2022 ஜனவரியில் திறந்தபோது கரையோர ஆழமற்ற நீரில் கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் திரும்பியிருந்தன. இப்போது படகுகள் தீவின் பின்பக்கம்தான் நிற்கலாம்.

லாவோஸின் வாங் வியெங் கதை இன்னும் கசப்பானது. லாரி டயர் டியூபில் மிதந்தபடி 'நாம் சோங்' என்ற ஆற்றில் போவது, கரையோர மதுக்கடைகளில் ஒதுங்கிக் குடிப்பது, போதையோடு மறுபடி ஆற்றில் குதிப்பது என்று அது ஒரு சடங்காகவே ஆகியிருந்தது. 2011-ல் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் செத்தார்கள். அடுத்த வருடம் அரசு அந்தக் கடைகளை மூடியது. 2024 நவம்பரில் அதே ஊரில் மெத்தனால் கலந்த சாராயம் ஆறு வெளிநாட்டுப் பயணிகளைக் கொன்றது. இலவசமாக ஊற்றித் தரும் மதுவை எந்த ஊரிலும் தொடாமலிருப்பதே நல்லது.

"அந்த இடம் கெட்டுப்போச்சு" என்று மூத்த பேக்பேக்கர்கள் அலுத்துக்கொள்வது வழக்கம். கெடுத்ததில் பாதிப் பங்கு அவர்கள் எழுதியதற்கும் உண்டு என்பதைச் சொல்லமாட்டார்கள்.

இந்த வரிசையில் நம்மவர்கள் கடைசியாகச் சேர்ந்தவர்கள். விசாவும் விமானக் கட்டணமும் நெடுநாள் தடையாக இருந்தன. மலிவு விமானங்கள் வந்த பிறகு திருச்சியிலிருந்தே கோலாலம்பூரும் சிங்கப்பூரும் நேரடியாகப் போக முடிகிறது. 2023 கடைசியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று அறிவித்தன. வியட்நாமுக்கு இ-விசா போதும். இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. டிக்கெட் போடும் முன் தூதரக அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

தமிழில் எழுதுகிற புதுப் பயணிகள் சூரிய உதயத்தை வர்ணிப்பதைக் கொஞ்சம் குறைத்து, பஸ் எங்கிருந்து கிளம்புகிறது, டிக்கெட் என்ன விலை, எந்த மாதம் போனார்கள் என்பதைத் தேதியோடு குறித்தால் பின்னால் போகிறவர்களுக்குப் புண்ணியம். உதாரணத்துக்கு ஒன்று: மாயா பே ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் மூடியிருக்கும். அந்தச் சமயத்தில் லீவு கிடைத்தால் வேறு தீவைப் பாருங்கள்.