சராசரிக்குள் ஒளிந்திருக்கும் பிள்ளை

இங்கிலாந்தின் தென்கரையில் சீஃபர்டு என்றொரு சிற்றூர். அங்கே மருத்துவராக இருந்த பிரிங்கிள் மார்கன், 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். பெயர் பெர்சி, வயது 14. ஏழு வயதிலிருந்தே பள்ளியிலும் வீட்டிலும் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் தன் பெயரையே எழுத்து இடம் மாறி 'ப்ரெசி' என்று எழுதினான். எடுத்துச் சொன்ன பிறகுதான் தப்பு அவன் கண்ணில் பட்டது. மிகச் சிறிய சொற்கள் சில தவிர, அச்சில் இருந்த எந்தச் சொல்லும் அவனுக்குப் பிடிபடவில்லை.

749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னார் மார்கன். பையன் விறுவிறுவென்று போட்டான், விடையும் சரி. (6,49,383. போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.) இத்தனைக்கும் நாலை அரையால் பெருக்கும் சின்னக் கணக்கு அவனுக்கு வரவில்லை. பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்றார் அவனுடைய ஆசிரியர்.

இன்று டிஸ்லெக்சியா என்று நாம் அறிந்திருப்பதன் தொடக்ககால மருத்துவப் பதிவுகளில் இது புகழ்பெற்றது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஆசிரியரின் பேச்சு. மீத்திறனும் கற்றல் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் இருந்தால் எப்படிப் படிக்கவைப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

இரண்டும் ஒரே தலைக்குள் எப்படி இருக்கும்? அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1983இல் மழலையர் வகுப்பில் இருந்த 445 பிள்ளைகளை ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். சாதாரணமாக வாசிக்கிற பிள்ளைகளிடம் அறிவுத்திறனும் வாசிப்பும் ஒன்றையொன்று கைகொடுத்துத் தூக்கிவிட்டுக்கொண்டே வளர்ந்தன. டிஸ்லெக்சியா உள்ளவர்களிடம் அந்தப் பிணைப்பு இல்லை. அறிவு ஒரு பக்கம் வளர்ந்தது, வாசிப்பு தன் போக்கில் தடுமாறியது. 2011இல் வெளியான மூளைப்பட ஆய்வு ஒன்றும் இதற்கு வலுச் சேர்த்தது. வாசிக்கத் திணறும் பிள்ளைகளின் ஐ.க்யூ. உயர்ந்திருந்தாலும் தாழ்ந்திருந்தாலும், சொற்களின் ஒலியைக் கையாளும்போது அவர்கள் மூளையில் தெரிந்த குறை ஒரே மாதிரிதான் இருந்தது. எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கென்று தனி உறுப்பு எதுவும் மூளையில் உருவாகிவிடவில்லை. பார்வைக்கும் பேச்சுக்கும் உள்ள பகுதிகளைப் பழக்கி இணைத்துத்தான் நாம் எல்லோரும் வாசிக்கிறோம். அந்த இணைப்பு நலிந்திருப்பதற்கும், ஒரு பிள்ளை எவ்வளவு ஆழமாக யோசிக்கிறது என்பதற்கும் சம்பந்தமில்லை.

பள்ளிக்கு இது தெரியாமல் போவதற்குக் காரணம் சராசரி. வெக்ஸ்லர் அறிவுத்திறன் சோதனையில் சராசரி மதிப்பு 100. 130ஐத் தாண்டுவது நூறில் ஏறத்தாழ இருவர். ஒரு பிள்ளை மொழியறிவில் 138, வடிவங்களைக் கையாள்வதில் 132, புதிர்களைத் தர்க்கமாக அவிழ்ப்பதில் 130 வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மனதில் நிறுத்தி வேலை செய்யும் நினைவில் 88, வேகத்தில் 82. ஐந்தையும் கூட்டி வகுத்தால் 114. சோதனையின் உண்மையான கணக்கு இதைவிடச் சிக்கலானதுதான், ஆனால் நடப்பது இதுதான். 114 என்பது யாரையும் திரும்பிப் பார்க்கவைக்காத எண். மேதை என்றும் தோன்றாது, உதவி தேவை என்றும் தோன்றாது. விவரம் தெரிந்த உளவியலாளர்கள் இப்படிப்பட்ட இடத்தில் நினைவையும் வேகத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு, யோசிக்கும் திறனை மட்டும் தனியாகக் கணக்கிடுவார்கள்.

வகுப்பறையிலும் இதே ஒளிந்து விளையாட்டு நடக்கிறது. கூர்மையான பிள்ளை, அடுத்த பிள்ளை வாசிப்பதை இரண்டு தடவை கேட்டால் போதும், பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்துவிடும். படத்தைப் பார்த்தே வரியை ஊகித்துவிடும். மூன்றாம் வகுப்புவரை வண்டி ஓடும். பாடங்கள் நீளும்போதுதான் குட்டு வெளிப்படும். அப்போது கிடைக்கும் பட்டம், 'புத்தி இருக்கு, அக்கறை இல்லை.' இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு: பொருளே இல்லாத சொல்லை வாசிக்கச் சொல்வது. 'பெலுடொகை' என்று எழுதிக் கொடுத்தால் எந்த ஊகமும் உதவாது. அதிலும் தமிழில் கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். 'டொ'வில் குறி எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கும். ஒலியையும் வடிவத்தையும் இணைக்கத் திணறும் பிள்ளை இங்கே சறுக்கும். இது முன்னோட்டம்தான், முறையான மதிப்பீட்டுக்கு இது ஈடாகாது.

சரி, மீத்திறனும் குறைபாடும் சேர்ந்த பிள்ளைக்கு எந்தப் பள்ளி? வாஷிங்டனை ஒட்டிய மான்ட்கோமரி கவுன்டியின் அரசுப் பள்ளிகள், 1980களின் கடைசியிலிருந்து இத்தகைய பிள்ளைகளுக்கென்றே வகுப்புகள் நடத்தி வந்திருக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸில் பிரிட்ஜஸ் அகாடமி என்ற தனியார் பள்ளி முழுக்க இவர்களுக்காகவே இயங்குகிறது. இங்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: பிள்ளையின் பலத்துக்கு ஏற்ற கடினமான பாடம் முதலில், குறைக்கான பயிற்சி அதற்குப் பக்கத்திலேயே. நீள வாசிக்க வேண்டியதைக் கேட்கக் கொடுக்கிறார்கள், கட்டுரைக்குப் பதில் மாதிரி செய்து விளக்கச் சொல்கிறார்கள். எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக இணைக்கும் பயிற்சியும் விடாமல் நடக்கிறது. 'முதலில் ஒழுங்காக வாசிக்கட்டும், அறிவியல் கண்காட்சியெல்லாம் அப்புறம்' என்பது நம் வழக்கமான நியாயம். பிள்ளை எதில் தலைநிமிர்ந்து நிற்குமோ அதையே பிடுங்கிக்கொள்கிற நியாயம் அது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு வம்பு உண்டு. டிஸ்லெக்சியா என்றாலே மேதை என்று ஐன்ஸ்டைனை இழுத்துவந்து காட்டும் சுவரொட்டிகள். அவருக்கு அது இருந்ததற்கு ஆதாரம் இல்லை. டிஸ்லெக்சியா உள்ள பெரும்பாலான பிள்ளைகள், மற்ற பெரும்பாலான பிள்ளைகளைப் போல, நடுத்தரத் திறன் உள்ளவர்கள்தான். அவர்களுக்கும் உதவி உரிமையே.

அந்த உரிமை இந்தியாவில் தாமதமாக வந்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் அது இடம்பெற்றது. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு எழுதும் டிஸ்லெக்சியா மாணவர்கள் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1990களின் தொடக்கத்திலிருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்துவருகிறது. ஆனால் சலுகைக்காக வாங்கும் சான்றிதழ் குறைக்குத்தான். அது கைக்கு வந்ததும் பிள்ளையை 'மெல்லக் கற்போர்' பட்டியலில் சேர்த்துவிடும் பள்ளிகள் உண்டு. ஆகவே மதிப்பீட்டு அறிக்கை வாங்கும் பெற்றோர், மொத்த ஐ.க்யூ. எண்ணோடு நிற்காமல் உட்பிரிவு மதிப்பெண்களையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். எண்களுக்கிடையே பெரிய இடைவெளி தெரிந்தால், மேலே இருக்கும் எண்ணுக்கு ஏற்ற வேலை என்ன தருவீர்கள் என்பதே பள்ளியிடம் வைக்க வேண்டிய முதல் கேள்வி.