தகரச் சீட்டும் துண்டும்

வேலை தேடுவோரையும் வேலைக்கு ஆள் தேடுவோரையும் இணைத்துவைப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இந்நாளில் நகரந்தோறும் மலிந்துள்ளன. அவற்றை நடத்துவோர் பெரியதொரு மாற்றத்தைப் பற்றிப் பேசி வருகின்றனர். வந்து குவியும் விண்ணப்பங்களைக் கணினியே வகுத்துத் தருமாம். தக்காரைத் தெரிந்து நிரற்படுத்துவதும் அதுவேயாம். நேர்முகப் பரீட்சைக்கு நாட்குறிப்பதையும் அதனிடமே விட்டுவிடலாமாம். எம் மாணாக்கர் நாளை எழுதப்போகும் விண்ணப்பங்களை முதற்கண் நோக்குவது மனிதக் கண்ணாக இராது என்னும்போது, ஆசிரியராயினார் இதுபற்றிச் சிறிது சிந்தித்தல் தகும்.

ஆள் சேர்க்கும் தொழிலிற் புதுக்கருவி ஒன்றைப் புகுத்தி, அதற்கெனத் தனி நிலையமும் அமைத்து, பழைய ஒழுங்கைத் திருத்த முயன்ற வரலாறு ஒன்று எம்மிடையே முன்னரும் நிகழ்ந்தது. அக்காலக் கருவி கணினி அன்று. இலக்கம் பொறித்த ஒரு தகர வில்லை. மலைநாட்டுத் தோட்டங்களின் கதையாகிய அதனைத் துன்பக் கதையாக மட்டும் படித்துப் பழகிவிட்டோம். ஒரு தொழில் தன்னைத்தான் திருத்திக்கொள்ள முயன்ற கதையாகவும் அதனைப் படிக்கலாம்.

கண்காணி என்னும் சொல்லே கங்காணி எனத் திரிந்தது. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிற் கோயிற் காரியங்களை மேற்பார்வை செய்தவர் கண்காணி எனப்பட்டனர். அத்துணை மதிப்புடைய சொல் கோப்பித் தோட்டத்துக்கு வந்து ஆள் பிடிப்பவனுக்குப் பெயரானது சொற்பொருள் வரலாற்றில் ஒரு விந்தையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பிப் பயிர்ச்செய்கை பரவிய காலத்தில், கங்காணி தன் ஊராரிற் சிலரைத் திரட்டிக் கடல் கடந்து அழைத்து வந்து, பழம் பறித்து முடிந்ததும் ஊருக்கு மீட்டுச் செல்லும் கூட்டத் தலைவனாக இருந்தான். 1869இற் கோப்பி இலைகளைப் பற்றிய நோய் அப்பயிரை அழிக்கத் தொடங்கிற்று. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். எனவே வந்தவர் தங்கினர். அவரோடு கங்காணியும் தங்கினான். பெரிய கங்காணி, அவனுக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள், அவர்களுக்குக் கீழே குடும்பங்கள் என்றவாறு ஒரு கோபுரம் எழுந்தது.

இக்கோபுரத்தின் அத்திவாரம் கடன். தோட்டத்துத் துரை ஆள் திரட்டுவதற்கென்று பெரிய கங்காணியிடம் முற்பணம் கொடுப்பார். அவன் அதிற் பகுதியைச் சில்லறைக் கங்காணியிடம் கொடுத்துத் திருச்சிராப்பள்ளி, சேலம், இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலுள்ள ஊர்களுக்கு அனுப்புவான். அங்கே வறியவனொருவனின் ஊர்க்கடன் தீர்க்கப்படும், புடைவை வாங்கப்படும், வழிச்சோறும் கூலியும் கொடுக்கப்படும். யாவும் கங்காணியின் ஏட்டில் அவ்வறியவன் பெயரிற் பற்றாக எழுதப்படும். எழுதத் தெரிந்தவன் கங்காணி; எழுதியதைப் படிக்கத் தெரியாதவன் கடன்காரன். இந்த ஒரு வேறுபாடு எத்தனை தலைமுறைகளின் வாழ்வைத் தீர்மானித்தது என்பதை எழுத்தறிவிப்பதைத் தொழிலாகக் கொண்ட நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கங்காணியைக் கொடியவனாக மட்டும் தீட்டுவதும் முறையன்று. அவன் பெரும்பாலும் உறவினன், அல்லது அதே ஊரான். துரையின் மொழி அறியாதவர்க்கு அவன் வாயாக நின்றான், பிணக்குத் தீர்த்தான், மணமும் பிணமும் அவனின்றி நடவா. அவன் கூட்டத்தில் வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாள்தோறும் ஒரு சிறு தொகை அவனுக்குக் கிடைத்தது. தலைக்காசு என்பது அதன் பெயர். ஆகவே தன் ஆட்கள் வேலைக்குப் போவதிலும் தன்னை விட்டு நீங்காதிருப்பதிலும் அவனுக்கு அக்கறை இருந்தது. பாதுகாப்பும் பிடியும் ஒரே கையில் இருந்தன.

துண்டு என்பது இங்கேதான் வருகின்றது. ஒரு தோட்டத்தை விட்டு நீங்க விரும்பும் கங்காணிக்குத் துரை ஒரு கடதாசித் துண்டு எழுதிக் கொடுப்பார். இன்ன தொகையைச் செலுத்தினால் இன்ன கங்காணியையும் அவன் ஆட்களையும் விடுவிப்பேன் என்பதே அதன் வாசகத்தின் கருத்து. கங்காணி அதனை எடுத்துக்கொண்டு வேறு தோட்டங்களின் வாயிலை நாடுவான். ஆள் தட்டுப்பாடுள்ள துரை அத்தொகையைக் கொடுத்துக் கூட்டத்தை ஏற்பார். மேலும் சிறிது முற்பணமும் கொடுப்பார். கூடிய பணம் கங்காணி மடியிலும், கூடிய கடன் கூட்டத்தின் தலையிலும் சேரும். பத்திரம் எழுதி நிலம் கைமாறுவது போல மக்கள் கைமாறினர். இதனால் முற்பணத் தொகை ஏறிக்கொண்டே போனது, துரைமாரே நொந்துகொண்டனர். எனினும் துண்டை ஏற்க மாட்டேன் என்று தனியொரு துரை உறுதி பூண்டால் அவருடைய தோட்டத்துக்கு ஆள் வாரார். பக்கத்துத் தோட்டத்துக்குப் போவர். தீங்கென யாவரும் அறிந்ததை எவரும் தனித்து விட இயலாத நிலை அது.

துரைமார் சங்கம் சும்மா இருக்கவில்லை. 1901ஆம் ஆண்டளவிலே தகரச் சீட்டு முறை வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் இலக்கமும் ஆளைக் குறிக்கும் இலக்கமும் பொறித்த தகர வில்லை ஒன்று ஒவ்வொருவர்க்கும் கொடுக்கப்பட்டது; அதனைக் கயிற்றிற் கோத்துக் கழுத்தில் அணிந்தனர். அதைக் காட்டினாற் புகைவண்டியில் ஏற்றுவர், தோணியிலும் கப்பலிலும் ஏற்றுவர், வழித்தங்கலிற் சோறிடுவர். செலவுக் கணக்குப் பின்னர் நேரே தோட்டத்துக்குப் போகும். வழிச்செலவென்று கங்காணி கையிற் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. வழியிலே வேறொருவர் ஆளைத் திருப்பிக்கொண்டு போவதும் அரிதாகும். 1904இற் சங்கத்தார் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழில் ஆணைக்குழு என்னும் நிலையத்தையும் நிறுவினர். கங்காணிக்குரிய முற்பணத்தை ஊரிலேயே அளந்து கொடுப்பதும், அவன் சேர்த்த ஆட்களைச் சரிபார்ப்பதும் அதன் பணி. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கவே பயணமும் எளிதாயிற்று.

நிருவாகத் திறமை என்ற அளவில் இவற்றைக் குறை கூற இயலாது. முன்னாளில் மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்து, பசியாலும் நோயாலும் பாதையிலே வீழ்ந்து மாண்டவர் தொகை பெரிது. தகரச் சீட்டு அந்நடையை ஒழிக்க உதவிற்று. ஆயினும் கழுத்தில் வில்லை தொங்கியவனின் பயணச் செலவு தோட்டத்துக்குப் போய், தோட்டத்திலிருந்து கங்காணி கணக்குக்கு இறங்கி, முடிவில் அவன் பெயரிலேயே பற்றாக எழுதப்பட்டது. துண்டு இருந்தபடியே இருந்தது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டோரைச் சிறையிலிட இடந்தந்த 1865ஆம் ஆண்டின் சட்டமும் இருந்தது. ஆணைக்குழுவும் கங்காணியை நீக்கவில்லை, நீக்கவும் முடியாது. ஊருக்குட் சென்று ஒரு குடும்பத்தின் நம்பிக்கையைப் பெற அவனன்றி வேறு ஆள் அதனிடம் இருந்ததில்லை. புதுக்கருவி பழைய கணக்குக்கு விரைவான காலைத் தந்தது எனலாம்.

மாற்றம் மெய்யாக வந்தது பிறிதொரு திசையிலிருந்து. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்து, கூலியாளைச் சிறையிலிடும் சட்டத்தை எதிர்த்துக் குரல் எழுப்பினார். இந்தியாவிலும் எதிர்ப்பு வலுத்தது. 1921இல் வந்த சட்டம் துண்டு முறையையும் அச்சிறைத் தண்டனையையும் ஒழித்தது. 1922இல் இந்தியாவில் இயற்றப்பட்ட குடியகல்வுச் சட்டத்தையும் 1923இல் இலங்கையில் இயற்றப்பட்ட சட்டத்தையும் அடுத்து, ஆள் சேர்க்கும் செலவைத் தோட்டங்கள் கூடிப் பொது நிதியாகச் செலுத்துவது என்றாயிற்று; வருபவர் கடனின்றி வந்திறங்க வேண்டும் என்பது விதி. கங்காணிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதாயிற்று; இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்ந்தார். தனித்தனியே எந்தத் துரையும் விட அஞ்சியதை எல்லோரும் ஒரே நாளில் விட்டனர்; அதனால் எவர்க்கும் நட்டமில்லை. கங்காணியின் கடனேடு மறுநாளே மூடப்பட்டது என்று சொல்வதற்கில்லை. 1939இல் இந்திய அரசு உடலுழைப்பாளர் இங்கு வருவதைத் தடுத்த பின்னரும் அவன் செல்வாக்குச் சிறுகச் சிறுகவே தேய்ந்தது. எனினும் அவன் பிடியின் வேரை வெட்டியது, செலவு எவர் பெயரில் எழுதப்படும் என்பதை மாற்றிய அந்த ஒரு விதியே.

இனி எம் காலத்துக்கு வருவோம். அமேசன் என்னும் அமெரிக்கப் பெருங் கொம்பனி விண்ணப்பங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இடும் கணினி முறையொன்றை 2014 தொடக்கம் உருவாக்க முயன்றது. பத்தாண்டுகளாகத் தன்னிடம் வந்த விண்ணப்பங்களையே அம்முறைக்குப் பாடமாகக் கொடுத்தது. அவற்றுட் பெரும்பாலானவை ஆடவர் அனுப்பியவை. கணினி நல்ல மாணாக்கன் போலப் பாடத்தை அப்படியே பற்றிக்கொண்டது. பெண்கள் சங்கம், பெண்கள் கல்லூரி என்ற பொருளில் வரும் சொல்லைக் கண்டால் மதிப்பைக் குறைத்தது. திருத்திப் பார்த்தும் நம்பிக்கை பிறவாமையால், அம்முயற்சியில் ஈடுபட்டிருந்த குழு 2017இன் தொடக்கத்திற் கலைக்கப்பட்டது. இச்செய்தியை ரொய்ட்டர் 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளியிட்டது. தகர வில்லைக்கும் இந்தப் பொறிக்கும் தொழில்நுட்பத்தில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு. பழைய ஏட்டைப் புரட்டிப் பாராமல் அதனைப் புதுக்கருவிக்குள் இட்டது இரண்டிலும் ஒன்றே. அமேசனார் முயற்சியைக் கைவிட்டனர் என்பது அவர்க்குப் பெருமை; விட முடியாத நிலையிலுள்ள சிறு நிறுவனங்கள் என்ன செய்யும் என்பதே கேள்வி.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர் நிலையங்கள் எம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்று இயங்குகின்றன. கொழும்பிலுள்ள கந்தோரிற் கணினி இருக்கும். பதிவும் ஒழுங்காக இருக்கும். ஆனால் ஊருக்குட் சென்று ஆள் பார்த்து வருபவர் உபமுகவர். அவரும் அயலவரே, சிலவேளை உறவினரே. வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்ணின் குடும்பத்துக்கு முன்கூட்டியே ஒரு தொகை கொடுத்துவைக்கும் வழக்கமும் உண்டு. அதை வாங்கிய பின் மனம் மாறினால், அத்தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற அச்சம் அப்பெண்ணைத் தொடர்கின்றது. தனியார் வேலைவாய்ப்பு முகவர் நிலையங்கள் பற்றி 1997இற் சருவதேச தொழில் நிறுவனத்தில் நிறைவேறிய 181ஆம் இலக்கச் சமவாயத்தின் ஏழாம் உறுப்புரை, நேராகவோ மறைவாகவோ தொழிலாளரிடம் கட்டணமோ செலவோ பெறலாகாது என்பதைப் பொதுவிதியாக வைத்தது. 1923இல் எம் தோட்டங்களுக்கு வந்த விதியின் உடன்பிறப்பு அது.

நிலையத்தைப் புதுமைப்படுத்தப் புறப்படும் முதலாளி கணினிக்கு விலை கேட்குமுன், ஒரு நாளேனும் தம் உபமுகவரோடு ஊருக்குட் சென்று, அவர் சட்டைப்பையிலுள்ள சிறு குறிப்பேட்டை வாங்கிப் படித்துப் பார்க்கட்டும். அந்தக் குறிப்பேட்டில் உள்ள தொகைகள் கந்தோர்க் கணினியில் ஏறுவதில்லை.