பென்சிலா, செல்போனா? ரசிக ஓவியர்கள் இடையே ருசிகர மோதல்!

டிசம்பர் 12 ரஜினி பிறந்த நாள். நவம்பர் 7 கமல். ஜூன் 22 விஜய்.

இந்தத் தேதிகள் நெருங்கினால் சென்னையில் ஒரு கூட்டத்துக்குத் தூக்கம் போய்விடும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் அல்ல. கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்கிறவர்களும் அல்ல. அபிமான நட்சத்திரத்தைத் தாங்களே வரைந்து அழகு பார்க்கும் ரசிக ஓவியர்கள்!

பகலில் கடையில் பில் போடுவார்கள். ஆபீசில் பைல் பார்ப்பார்கள். கல்லூரிக்குப் போவார்கள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் படம் வரைய உட்கார்ந்து விடுவார்கள். காலணா வருமானம் கிடையாது. எல்லாம் ஆசைதான்.

இந்தச் சாதுவான கூட்டத்துக்குள் இப்போது இரண்டு கட்சிகள். ஒன்று பென்சில் கட்சி. மற்றொன்று செல்போன் கட்சி!

"தப்பிச்சுக்க வழியே இல்லே!"

பென்சில் கட்சியில் கொஞ்சம் வயதானவர்கள் அதிகம். 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் போட்ட படங்களையும், சுஜாதா கதைகளுக்கு ஜெயராஜ் போட்ட படங்களையும் பார்த்துப் பார்த்துக் கை பழகியவர்கள். போட்டோவின் மேல் கட்டம் போடுவார்கள். சார்ட் பேப்பரிலும் பெரிதாகக் கட்டம் போடுவார்கள். பிறகு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து வரைவார்கள். அந்தக் காலத்து சினிமா பேனர் ஓவியர்கள் கையாண்ட அதே முறை!

இரண்டு கட்சியும் சந்தித்தால் பேச்சு இப்படித்தான் போகும்:

"தம்பி, நீ ஒரு கோடு தப்பாப் போட்டா ரெண்டு விரலால தட்டுறே. கோடு மாயமாப் போயிடுது. நான் தப்பாப் போட்டா ரப்பர் தேய்ச்சு பேப்பர் கிழிஞ்சுடும். கண்மணியில இருக்கிற வெள்ளைப் புள்ளி கொஞ்சம் நகர்ந்தாலும் மூணு நாள் உழைப்பு போச்சு. தப்பிச்சுக்க வழியே இல்லே!"

"அழிக்கிறது ஈசிதான் அண்ணே. ஆனா எந்தக் கோடு தப்புன்னு என் கண்ணுதானே கண்டுபிடிக்கணும்? போனா சொல்லும்?"

அண்ணன் பதில் பேசுவதில்லை. காரணம், தம்பி சொல்வதும் நியாயம்தான்!

மின்சார ரயிலில் ஓவியம்

செல்போன் கட்சிக்குப் பெரிய பலம், இடம் வேண்டாம் என்பது. தாம்பரம்-கடற்கரை மின்சார ரயிலில் நின்றுகொண்டே விரலால் வரையலாம். அந்த நெரிசலில் சார்ட் பேப்பரை விரிக்க முடியுமா? வீட்டில் தம்பி தங்கைகள் தூங்கினாலும் கவலையில்லை. விளக்குப் போட வேண்டாம்.

செலவும் பெரிதாக இல்லை. போன் ஏற்கெனவே கையில் இருக்கிறது. 'ஐபிஸ் பெயின்ட்' போன்றவை விளம்பரத்தோடு இலவசமாகவே கிடைக்கின்றன. வர்ணம் தீராது, பிரஷ் தேயாது. கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது போல முகம் ஒரு 'லேயர்', சட்டை ஒரு 'லேயர்', பின்னணி ஒரு 'லேயர்' என்று தனித்தனியாக வரையலாம். சட்டைக் கலரை மாற்றினால் முகம் கெடாது.

"அப்படியே போட்டோ மேலே டிரேஸ் எடுத்துடறாங்க!" என்பது பென்சில் கட்சியின் புகார். ஆனால் டிரேஸ் என்ன நேற்றா பிறந்தது? கார்பன் பேப்பர் வைத்தும், ஜன்னல் கண்ணாடியில் பேப்பரை ஒட்டியும் நகல் எடுத்தவர்கள் அந்தக் காலத்திலேயே உண்டு!

கையெழுத்து எதில் வாங்குவது?

ஆனால் ஒரு இடத்தில் பென்சில் கட்சி சட்டென்று ஜெயித்து விடுகிறது.

நட்சத்திரத்தை நேரில் பார்க்கும் பாக்கியம் கிடைக்கிறது. பேப்பர்காரர் படத்தை நீட்டுகிறார். கையெழுத்து விழுகிறது. அந்தப் படம் உலகத்தில் ஒன்றுதான். பிரேம் போட்டு ஹாலில் மாட்டி விடலாம். செல்போன்காரர் எதை நீட்டுவார்?

பிரிண்ட் எடுக்கலாமே என்பீர்கள். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 1080 புள்ளி அகலத்தில் வரைந்த படம் போனில் பளிச்சென்று இருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சடித்தால் அகலம் 9 சென்டிமீட்டர்தான் வரும். பெரிதாக்கினால் மங்கிவிடும். ஏ4 தாள் அளவுக்கு 2480-க்கு 3508 புள்ளி வேண்டும். இதை வரையத் தொடங்கும்போதே வைத்துக்கொள்ள வேண்டும்.

பேப்பருக்கு வேறு ஆபத்து. கரையான் உண்டு, மழை உண்டு. 2015 டிசம்பர் வெள்ளம் போல் ஒன்று வந்து வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் பத்து வருஷப் படமும் ஒரே ராத்திரியில் கூழ்! போனில் வரைந்ததை வேறு இடத்திலும் ஒரு பிரதி போட்டு வைக்கலாம். அப்படிப் போடாதவர், போன் தொலைந்தால் இவரும் தலையில் கை வைக்க வேண்டியதுதான்.

வந்தார் மூன்றாவது ஆள்!

இப்படி அடித்துக்கொண்டிருந்த இரு கட்சியையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து விட்டது ஒரு புது வரவு. செயற்கை நுண்ணறிவு!

2022-ல் நாலு வார்த்தை எழுதிக் கொடுத்தால் படம் போட்டுத் தரும் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. 2025 மார்ச்சில் கேட்கவே வேண்டாம். வீட்டுக்கு வீடு குடும்பப் போட்டோவை ஜப்பானின் 'கிப்லி' கார்ட்டூன் பாணிக்கு மாற்றி மகிழ்ந்தார்கள். அந்த கிப்லி நிறுவனமே கையால் வரைவதற்குப் பேர் போனது என்பதுதான் வேடிக்கை!

இதில் அடி வாங்கியது யார்? ராத்திரி கண் விழித்து வரைந்த ரசிகர்தான். படத்தைப் போட்டதும் முதல் கேள்வி, "நிஜமா நீதான் வரைஞ்சியா?"

பென்சில் கட்சி, படத்தின் மேல் பென்சிலை வைத்துப் போட்டோ எடுத்துக் காட்டுவது வழக்கம். இப்போது அந்தப் பென்சிலையும் சேர்த்தே கம்ப்யூட்டர் போட்டுத் தருகிறது! அதனால் முதல் கட்டம், பாதி முகம், முழு முகம் என்று படிப்படியாகப் போட்டோ எடுத்து வைக்கிறார்கள். செல்போன் கட்சிக்கு வேறு வழி. 'ஐபிஸ் பெயின்ட்', 'புரோகிரியேட்' இரண்டிலும் வரைவது வீடியோவாகப் பதிவாகும். முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை ஓட்டிக் காட்டலாம். தப்பாகப் போட்டு அழிப்பான் கொண்டு தேய்த்ததும் தெரியும்!

ஆம்! நேற்று வரை அழிப்பதைக் கேலி செய்தார்கள். இன்று அழித்துத் திருத்தியதுதான் சாட்சி! தப்புப் போட்டுத் திருத்தியவன் மனிதன் என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இப்போது அண்ணன்மார் பென்சில் படத்தைப் போனில் ஏற்றி வர்ணம் தீட்டப் பழகுகிறார்கள். தம்பிமார் சார்ட் பேப்பர் வாங்கிக் கட்டம் போடுகிறார்கள். கையெழுத்து வாங்க வேண்டுமே!

உங்கள் வீட்டிலும் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பிள்ளை பேப்பரோடோ போனோடோ தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கலாம். திட்டுவதற்கு முன் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். "நீதான் வரைஞ்சியா?" என்று மட்டும் கேட்டு விடாதீர்கள்!